வீட்டுக்கு அனுப்பாத செயற்றிட்டம்: கிழக்கின் புதிய ஆசிரியர்களுக்கு

தவணை முடியப் போகிறது என்றால் கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் போட்டோ பிரதிக் கடைகளில் தாய்மார் கூட்டம் கூடிவிடும். ‘தம்பி, டெங்கு பத்தி நல்ல படமா நாலஞ்சு எடுத்துத் தாங்க, மகனுக்கு செயற்றிட்டம்’ என்பார்கள். கடைக்காரத் தம்பி இணையத்திலிருந்து வண்ணப் படங்களை இறக்கி அச்சடித்துச் சுருள்கம்பி போட்டுக் கொடுப்பார். முகப்பில் மினுமினுப்புத் தூளால் பிள்ளையின் பெயரைத் தாய் எழுதுவார். மறுநாள் ஆசிரியர் அதைப் புரட்டி இருபதுக்குப் பதினெட்டு போட்டு ஒப்பமிடுவார். பிள்ளை இதில் கற்றது, சந்திக் கடையில் வண்ண அச்சு எடுக்கலாம் என்பது மட்டும்தான்.

புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்களுக்குச் செயற்றிட்டவழிக் கற்றல், அதாவது ஒரு கேள்விக்குப் பிள்ளைகளே விடை தேடும் வேலை வழியாகப் பாடம் கற்பது, கேள்விப்படாத ஒன்று அல்ல. தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரியில் குறிப்பெடுத்திருப்பீர்கள். அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் 1918இல் எழுதிய கட்டுரையையும் அவருக்கு முந்திய டூயியையும் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். 2007இல் தரம் 6இலும் தரம் 10இலும் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டத்தின் ஐந்து ‘ஈ’ மாதிரியும் (ஆங்கிலத்தில் ‘ஈ’ எழுத்தில் தொடங்கும் ஐந்து கற்பித்தல் படிகள்) உங்களுக்குப் பாடம்தான். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், ஒரு பாடவேளை நேரத்துக்குள், பணம் இல்லாமல் இதை எப்படி நடத்துவது என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்கு ஒரு வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். என் நிபந்தனை ஒன்றுதான்: செயற்றிட்டத்தின் எந்தத் துண்டும் வீட்டுக்குப் போகக் கூடாது. கேள்வி கேட்பது, அளப்பது, எழுதுவது, திருத்துவது எல்லாம் பாடவேளைக்குள், உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். வீட்டிலிருந்து வருவது தகவலும் வெற்றுப் போத்தலும் மட்டுமே.

எந்த வகுப்பு, எந்தக் காலம்

முதல் முறை தரம் 7, 8, 9இல் ஒன்றை எடுங்கள். தரம் 11ஐத் தொடாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சாதாரண தரப் பரீட்சையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. அதில் பிழையும் இல்லை. ஆரம்பப் பிரிவில் இருந்தால் புலமைப்பரிசில் பரீட்சை உள்ள தரம் 5ஐ விட்டுவிட்டு 4ஐ எடுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் தொடங்க வேண்டாம். பாதிப் பிள்ளைகள் மைதானத்தில் நிற்பார்கள், மற்றப் பாதி இல்லம் சோடிக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழை. தாழ்ந்த ஊர்களில் பாதை மூடினால் வெளிக்களம் நின்றுவிடும், சில பாடசாலைகளே இடைத்தங்கல் முகாமாகிவிடும். விளையாட்டுப் போட்டி முடிந்து தவணைப் பரீட்சைச் சூடு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஆறு வாரம் போதும். வாரத்தில் ஓர் இரட்டைப் பாடவேளை, அதாவது அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளை, இதற்கு ஒதுக்குங்கள். மற்றப் பாடவேளைகள் வழக்கம்போல் நடக்கட்டும்.

கேள்வியைப் பிடிப்பது

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து, இந்தத் தவணையில் நீங்கள் எப்படியும் படிப்பிக்க வேண்டிய தேர்ச்சி மட்டங்களை எழுதுங்கள். அவற்றில் ஊரோடு தொடுப்பு உள்ள ஒன்றைத் தெரிந்தெடுங்கள். செயற்றிட்டம் பாடத்துக்கு மேலதிகமாக வரும் வேலையாக இருந்தால் மூன்றாம் வாரத்தில் செத்துவிடும். அதுவே பாடமாக இருக்க வேண்டும்.

பிறகு அந்தத் தலைப்பைக் கேள்வியாக்குங்கள். ‘நீர் மாசடைதல்’ என்று கொடுத்தால் கடைக்காரத் தம்பிதான் செயற்றிட்டம் செய்வார். ‘எங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் எது உப்புக் கூடியது, ஏன்?’ என்று கேட்டால் இணையத்தில் விடை கிடைக்காது, பிள்ளை கிணற்றடிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நான் ஒரு கேள்வியை மூன்று விதமாகச் சோதிப்பேன். விடை பாடநூலில் அச்சாகி இருக்கிறதா? இருந்தால் விடுங்கள். பிள்ளையால் தன் கையால் அளக்கவோ எண்ணவோ கேட்டறியவோ முடியுமா? முடியாவிட்டால் விடுங்கள். விடையை அறிய விரும்பும் ஒருவராவது பாடசாலைக்கு வெளியே இருக்கிறாரா? அப்படி ஒருவர் இல்லாவிட்டால் பிள்ளைகள் உங்கள் புள்ளிக்காக மட்டுமே செய்வார்கள்.

இடத்துக்கு ஏற்பக் கேள்வி மாறும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் படிப்பிக்கிறவர் கணிதத்துக்கு நெல்லை எடுக்கலாம். ஒரு மூடை நெல் குற்றினால் எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ தவிடும் உமியும்? ஊர் ஆலைகளுக்கிடையே வேறுபாடு உண்டா? அரிசி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும் என்பது வயல் சொந்தக்காரரான போடியாருக்குத் தெரியும். அதைச் சதவீதமாக்கி, இரண்டு ஆலைகளை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவது தரம் 8 பிள்ளைக்கு நல்ல வேலை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வட்டைகளிலும் இது பொருந்தும். மருதமுனையில் கைத்தறி இருக்கிறது. பாவு நூலையும் ஊடு நூலையும் எண்ணிச் சாரன் கட்டத்தின் சமச்சீரை வரைபுத் தாளில் கொண்டுவரலாம். தமிழ் பாட ஆசிரியர் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் ஒரு வரவுப்பாட்டைக் கேட்டு எழுதி, வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளுக்கும் என்ன வேறுபாடு என்று வகுப்பிலேயே ஆடிப் பார்க்கவும் வைக்கலாம். அந்த வகுப்புக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டுரைக்குக் கிணற்றை எடுத்துக்கொள்கிறேன். கல்லடி முதல் களுவாஞ்சிகுடி வரைக்கும், அதற்குத் தெற்கே கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரைக்கும் கடலோர மணற்பட்டியில் இருக்கும் எந்தப் பாடசாலையும் இதைச் செய்யலாம்.

நீங்கள் ஒருமுறை செய்து பாருங்கள்

பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை நீங்களே மூன்று கிணற்றடிக்குப் போய் வாருங்கள். நீர்மட்டத்தின் ஆழத்தை அளக்க, முனையில் கல் கட்டிய கயிறு போதும். அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். நீரில் கரைந்துள்ள திண்மத்தைக் காட்டும் சிறு மானி பேனா அளவில் வருகிறது, ‘டீடீஎஸ் மீற்றர்’ என்று கேளுங்கள். மீன்தொட்டிக் கடையிலும் இருக்கும். வகுப்புக்கு ஒன்று போதும்.

அதுவும் கிடைக்காவிட்டால் மாற்று வழி இரண்டு உண்டு. ஒரே அளவு நீரை, பத்து மில்லிலீற்றர் போல, கறுப்புத் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்ற விடுங்கள். எஞ்சும் வெள்ளைப் படிவின் பருமனை ஒப்பிடலாம். அல்லது 9 வோல்ற்றுப் பற்றரி, ஓர் எல்ஈடி, 470 ஓம் தடையி, இரண்டு ஆணி எடுத்து ஒரு சுற்று அமையுங்கள். ஆணிகளை இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் றெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) துண்டில் குத்தி நீரில் அமிழ்த்தினால், உப்புக் கூடக் கூட விளக்கு பிரகாசமாகும். கடல்நீருக்கும் நன்னீருக்கும் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒன்றுக்கொன்று கிட்டிய இரண்டு கிணறுகளைப் பிரித்தறிய இது போதாது. மானி வாங்க வழியிருந்தால் மானியே நல்லது.

இந்த முன்னோட்டத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: எந்தக் கிணற்றுக்குக் கட்டு இல்லை, எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த ஒழுங்கையில் பஸ் விரைந்து வரும்.

அதிபர், பெற்றோர், வலயம்

அதிபரிடம் ‘செயற்றிட்டவழிக் கற்றல் செய்யப் போகிறேன் சேர்’ என்று மட்டும் சொன்னால் ‘சிலபஸை முடிங்க முதல்ல’ என்ற பதில் வரும். ஒரு தாளில் மூன்று நிரல் போட்டுக் கொண்டு போங்கள்: வாரம், பிள்ளைகள் செய்யும் வேலை, அதில் நிறைவாகும் தேர்ச்சி மட்டம். பாடக்குறிப்பிலும் அதே ஒழுங்கில் எழுதுங்கள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு எப்படியும் புள்ளி தேவை, இந்த ஆறு வாரத்திலிருந்து அதை எடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். அதிபர்மாருக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் பிடிக்கும். பாட ஆசிரிய ஆலோசகருக்கும் சொல்லி வைத்தால், தரிசிப்புக்கு வரும் நாளில் வகுப்பு இரைச்சலாக இருந்தாலும் கோபிக்க மாட்டார்.

பாடசாலை எல்லையைத் தாண்டுவதற்கு அதிபரின் எழுத்து அனுமதியும் பெற்றோரின் ஒப்பமும் கட்டாயம். கடிதத்தில் நாள், நேரம், போகும் இடம், கூட வரும் பெரியவர்கள், காசு எதுவும் தேவையில்லை என்பது, எல்லாம் இருக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிணறு அவருடைய வேலையும்தான், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு வருவார்.

குழு

நாற்பது பிள்ளைகள் என்றால் ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழு. ஐந்துக்கு மேல் போனால் ஆறாவது பிள்ளை சும்மா இருக்கும். பிள்ளைகளையே குழு பிரிக்க விட்டால் கெட்டிக்காரர் ஒரு பக்கம், வாங்குக் கடைசி ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். அதனால் நீங்கள் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் வேகமாக எழுதக்கூடிய ஒருவர், கணக்கில் பிடிப்புள்ள ஒருவர், கிணற்றடிப் பக்கம் வீடுள்ள ஒருவர் இருக்கட்டும்.

பொறுப்புகளைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: அளப்பவர், பதிபவர், பொருள் காப்பவர், நேரம் பார்ப்பவர், வீட்டாரோடு பேசுபவர். வாரந்தோறும் பொறுப்பு ஒரு இடம் நகர வேண்டும். நகராவிட்டால் ஆறு வாரமும் ஒரே பெண்பிள்ளை அழகாக எழுதிக்கொண்டே இருப்பார், ஒரே பையன் கயிறு விடுவான். எங்கள் பக்கத்தில் இது எத்தனை வகுப்பில் நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் சில பிள்ளைகள் வர மாட்டார்கள். வாவியில் இறால் நல்லாகப் படும் நாட்களிலும் அப்படித்தான். வராத பிள்ளைக்கு வீட்டு வேலை கொடுத்துச் சரிக்கட்ட வேண்டாம். வந்த நாளில் என்ன செய்தார் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

முதல் இரட்டைப் பாடவேளை

மூன்று கண்ணாடிப் போத்தலில் நீர் கொண்டு போங்கள்: கடல்நீர், பாடசாலைக் கிணற்று நீர், உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து வரும் குழாய் நீர் (உங்கள் ஊருக்கு அது வந்தால்). பெயர் ஒட்ட வேண்டாம், 1, 2, 3 என்று இலக்கம் மட்டும். ‘குடிக்காமல், எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். அந்தப் பத்து நிமிடம் ஆசிரியருக்குக் கடினம், வாய் தானாகத் திறக்கும். திறக்காதீர்கள். முகர்வார்கள், குலுக்குவார்கள், வெளிச்சத்துக்குப் பிடிப்பார்கள். யாராவது ஒருவர் ‘வத்த வைச்சுப் பாப்பம் மிஸ்’ என்பார். சுவைத்துப் பார்க்க மட்டும் விடக் கூடாது. அதை இன்றே விதியாக்குங்கள், ஏனென்றால் கிணற்றடியில் அது உயிர் விடயம்.

மிச்ச நேரத்தில் ஒவ்வொரு குழுவும் தனக்குத் தோன்றும் கேள்விகளை ஒரு பெரிய டிமைத் தாளில் எழுதட்டும். ‘எங்கட கிணத்துல ஏன் கோடையில உப்பு?’ ‘பக்கத்து வீட்டுக் கிணறு ஏன் நல்லம்?’ ‘மோட்டர் போட்டா உப்பு ஏறுமா?’ இந்த மாதிரிக் கேள்விகள் வரும். கொச்சையாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். தாளைச் சுவரில் ஒட்டி வையுங்கள், ஆறு வாரமும் அது அங்கேயே இருக்கட்டும். விடை கிடைத்த கேள்விக்கு ஒரு சரி போட்டு, புதிய கேள்வியைக் கீழே சேருங்கள்.

அளவெடுப்பு

இரண்டாம், மூன்றாம் வாரம் இதற்கு. பாடசாலையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் எட்டுக் கிணறு தேர்ந்தெடுங்கள். ஒரு நாளில் நான்கு குழு வெளியே போகும், நான்கு குழு வகுப்பில் இருந்து பதிவு அட்டவணை தயாரிக்கும். அடுத்த வாரம் மாறும். நாற்பது பேரையும் ஒன்றாகக் கூட்டிப் போனால் அது சுற்றுலா ஆகிவிடும். வெளியே போகும் ஒவ்வொரு குழுவோடும் ஒரு பெரியவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், வருவார்கள்.

ஒவ்வொரு கிணற்றிலும் எடுக்க வேண்டியவை: நிலத்திலிருந்து நீர்மட்டம் வரை ஆழம், கரைந்த திண்மத்தின் அளவு மூன்று முறை அளந்து சராசரி, காரஅமிலத் தாள் இருந்தால் பீஎச், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம், கடலிலிருந்தும் வாவியிலிருந்தும் எத்தனை தூரம் என்பதைப் பிறகு வரைபடத்தில், மோட்டரா வாளியா, கோடையில் வீட்டார் கண்ட மாற்றம். மூன்று முறை அளப்பது ஏன் என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். மூன்றிலும் மூன்று எண் வரும்போது காரணத்தை அவர்களே கண்டுகொள்வார்கள். கணித ஆசிரியர் இதைப் பார்த்துச் சந்தோசப்படுவார், இடைப் பெறுமானத்துக்கு ஒரு பாடவேளை இலவசமாகத் தரவும் கூடும்.

பாதுகாப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தளர்த்தவும் கூடாது. இடுப்பளவு கட்டு இல்லாத கிணறு பட்டியலில் வேண்டாம். நீர் அள்ளுவது பெரியவர்; பிள்ளை கட்டுக்கு உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. வாவிக்கரையில் அளக்க நேர்ந்தால் நீருக்குள் இறங்கவே வேண்டாம், வாவியில் முதலை உண்டு. படுவான்கரையில் யானை நடமாடும் ஊர்களில் வெளிக்களத்தைக் காலைப் பாடவேளையிலேயே முடித்துவிடுங்கள்.

26 டிசம்பர் 2004 பற்றியும் ஒரு எச்சரிக்கை. கடலோரக் கிணறு என்றாலே வீட்டார் சுனாமிக் கதைக்குப் போய்விடுவார்கள். அன்று கடல்நீர் புகுந்து கிணறுகள் நிரம்பின. இறைத்துச் சுத்தம் செய்தபோது அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்புநீர் ஏறும் என்ற எச்சரிக்கையும் வந்தது. அறிவியலுக்கு அது பெறுமதியான தகவல், பெரியவர்கள் தாமாகச் சொன்னால் பதியலாம். பிள்ளைகள் துருவிக் கேட்கக் கூடாது. இழப்பு இல்லாத வீடு இந்தக் கரையில் குறைவு, உங்கள் வகுப்பிலும் அந்த வீட்டுப் பிள்ளை இருக்கும்.

நடுவில் நிறுத்திப் படிப்பிப்பது

செயற்றிட்டம் என்றால் ஆசிரியர் படிப்பிக்கக் கூடாது என்று ஒரு கதை உலவுகிறது. அதை நம்பாதீர்கள். நான்காம் வாரம் நீங்கள் நன்றாகப் படிப்பிக்க வேண்டிய வாரம். பிள்ளைகள் எட்டுக் கிணற்று எண்ணையும் வரைபடத்தில் போட்டதும், கடலுக்குக் கிட்டிய கிணறுதான் உப்புக் கூடியது என்று எதிர்பார்த்திருப்பார்கள். பல இடங்களில் அப்படி வராது. கடலுக்கு நூறு மீற்றரில் ஒரு கிணறு தேனாக இருக்கும், உள்ளே இருக்கும் மோட்டர்க் கிணறு கரிக்கும். ‘அளந்தது பிழை சேர்’ என்பார்கள். அந்த நேரத்தில்தான் வெண்கட்டியை எடுக்க வேண்டும்.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் மணற்பட்டியில், பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி உப்புநீரின் மேல் மிதக்கும். நன்னீர் அடர்த்தி குறைந்தது. கடல்நீர் அதைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து, வில்லை வடிவில் நன்னீர் நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் வழங்கும் கணக்கு. உண்மை நிலத்தில் மணலின் ஆழமும் பாறையும் இதை மாற்றிவிடும். ஆனால் ஒன்று தெளிவாகும்: மோட்டரால் மேல்மட்டத்தைச் சிறிது இறக்கினாலும் கீழே உப்புநீர் பல மடங்கு ஏறி வரும். கண்ணாடிக் குவளையில் சாயமிட்ட உப்புநீரை ஊற்றி, அதன் மேல் கரண்டி வழியாக மெதுவாக நன்னீரை ஊற்றுங்கள். இரண்டும் பிரிந்து நிற்பதைக் காட்டுங்கள். பிறகு மேலிருந்து உறிஞ்சுகுழலால் மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துக் காட்டுங்கள்.

அடர்த்தி பற்றிய பாடத்தைப் பாடநூலிலிருந்து எடுத்தால் இரண்டு பாடவேளை போகும், பாதிப் பேர் தூங்குவார்கள். இங்கே எண்ணுக்குக் காரணம் தேடி அலையும் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்கிறீர்கள், ஒரே பாடவேளையில் முடியும். களுதாவளைப் பக்கம் போல மரக்கறித் தோட்டம் நெருங்கிய ஊர் என்றால், உரத்தின் நைத்திரேற்று மணல் வழியாகக் கிணற்றுக்கு இறங்குவதையும் இதோடு சேருங்கள். அது டீடீஎஸ் மானியில் தனியாகத் தெரியாது என்பதையும் சொல்லுங்கள்.

எழுதுவதும் திருத்துவதும்

ஐந்தாம் வாரம் ஒவ்வொரு குழுவும் தன் கிணற்றுக்கு ஒரு அட்டையும், எல்லாக் கிணறும் சேர்ந்த வகுப்பு வரைபடத்தில் தன் பங்கையும் செய்யும். முதல் வரைவு பென்சிலில், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில். பிரிஸ்டல் அட்டையை அலுமாரியில் பூட்டி வையுங்கள். அதைக் கண்டால் பிள்ளைகள் கேள்வியை மறந்து ஓரக்கோடு போடத் தொடங்கிவிடுவார்கள்.

வரைவுகளை மேசையில் பரப்பி, குழுக்கள் சுற்றி வந்து வாசிக்கட்டும். எங்கள் பிள்ளைகள் ஒருவர் வேலையைப் பார்த்து ‘நல்லம்’ என்பார்கள், அல்லது சிரிப்பார்கள். இரண்டும் உதவாது. ஒவ்வொரு வரைவிலும் விளங்கிய ஒன்றும், விளங்காத ஒன்றைக் கேள்வியாகவும் துண்டுத் தாளில் எழுதி வைக்க வேண்டும் என்று விதி போடுங்கள். ‘இந்த எண்ணுக்கு அலகு என்ன?’ ‘எந்த நாள் அளந்தீங்க?’ சக பிள்ளையின் இந்தக் கேள்வி, உங்கள் சிவப்பு மையைவிட விரைவாகத் திருத்தும்.

அட்டையில் ஒரு சொல்லைப் பற்றி மிகக் கண்டிப்பாக இருங்கள். ‘குடிக்கலாம்’ என்று எந்தக் குழுவும் எழுதக் கூடாது. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614, பீஎச் 6.5 முதல் 8.5 வரை, கரைந்த திண்மம் லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்று வைக்கிறது. இந்த இரண்டையும் பிள்ளைகள் அளக்கலாம். அதே தரம் 100 மில்லிலீற்றரில் ஈ. கோலி பற்றீரியா ஒன்றும் இருக்கக் கூடாது என்றும் கேட்கிறது. அதை வகுப்பறையில் அளக்க முடியாது, ஆய்வுகூடம் வேண்டும். ஆகவே அட்டையில், ‘இன்ன நாளில் கரைந்த திண்மம் இவ்வளவு. கிருமி அளக்கப்படவில்லை. கொதிக்க வைத்துக் குடிக்கவும்’ என்று இருக்கட்டும். அளந்ததை எழுதி, அளக்காததை அளக்கவில்லை என்று எழுதும் பழக்கம் வந்தாலே இந்த ஆறு வாரத்துக்குக் கூலி கிடைத்த மாதிரி.

ஊராரிடம் கொடுப்பது

கண்காட்சி வேண்டாம். நாடா வெட்டுவதற்கும் மாலை போடுவதற்கும் நாள் முழுக்கப் போகும், பிள்ளைகள் வரவேற்பு நடனம் பழகுவார்கள். ஆறாம் வாரம் கிணற்று வீட்டார் எட்டுப் பேரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் வகுப்புக்கு அழையுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் வீட்டாரோடு பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து அட்டையை விளக்கட்டும். ‘வாப்பா, நீங்க மோட்டர எத்தின மணித்தியாலம் போடுறீங்க?’ என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்கும் பிள்ளை, மேடையில் மனப்பாடமாகப் பேசும் பிள்ளையைவிடக் கூடுதலாக விளங்கிக்கொண்டிருக்கிறது.

சுவரில் தொங்கும் வரைபடத்தில் வீட்டார் பெயர் வேண்டாம், கிணற்று இலக்கம் மட்டும். ‘அந்த வீட்டுத் தண்ணி கூடாதாம்’ என்று ஒழுங்கையில் கதை பரவினால் அடுத்த ஆண்டு உங்களுக்கு ஒருவரும் கிணற்றைக் காட்ட மாட்டார்கள். கலியாணம் பேசும் வீடு என்றால் இன்னும் பொல்லாப்பு.

புள்ளி

குழுவுக்கு ஒரே புள்ளி கொடுத்தால் உழைத்த பிள்ளை மனம் நொந்து போகும். தனியாளுக்கு மட்டும் கொடுத்தால் குழு உடைந்துவிடும். நான் இருபதில் எட்டைக் குழுவின் அட்டைக்கும் வரைபடத்துக்கும் வைத்து, பன்னிரண்டைத் தனிப் பிள்ளைக்கு வைப்பேன். தனிப் பிள்ளைக்கு இரண்டு விதமாகப் பார்ப்பேன். வாரந்தோறும் கொப்பியில் எழுதிய ஐந்து வரிக் குறிப்பு ஒன்று. ஆறாம் வாரத்தில் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் கேட்கும் கேள்வி மற்றொன்று: ‘உங்கள் குழு ஏன் மூன்று முறை அளந்தது?’ ‘ஏழாம் கிணறு ஏன் கூட உப்பு?’ எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகள் சிலர் இந்த இரண்டு நிமிடத்தில் அசத்திவிடுவார்கள். எதற்குப் புள்ளி என்பதை முதல் வாரத்திலேயே சுவரில் எழுதி ஒட்டுங்கள். அழகுக்குப் புள்ளி இல்லை என்பதையும் அதில் எழுதுங்கள்.

தவணைப் பரீட்சைத் தாளில் இந்தக் கிணற்று எண்களை வைத்து ஒரு கட்டமைப்பு வினா போட முடிந்தால் போடுங்கள். செயற்றிட்டம் விளையாட்டு இல்லை என்பதைப் பெற்றோர் அப்போது நம்புவார்கள்.

வரக்கூடிய முறைப்பாடுகள்

‘எப்ப மிஸ் பாடம் படிப்பிக்கப் போறீங்க?’ என்று பெற்றோர் கேட்பார்கள். ரியூசன் வகுப்பில் இரண்டு அலகு முன்னால் போய்விட்டார்கள் என்றும் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். இந்த முறையில் பாடம் மெதுவாகத்தான் நகரும், அதை மறைக்க வேண்டாம். எல்லா அலகையும் இப்படிச் செய்ய முயலவும் வேண்டாம். பின்னம், சந்தி இலக்கணம், வாய்ப்பாடு போன்றவற்றை நேராகப் படிப்பித்துப் பயிற்சி கொடுப்பதே நல்லது. ஒரு பாடத்தில் ஆண்டுக்கு ஒரு செயற்றிட்டம் உருப்படியாக நடந்தால் போதும். ஐந்து பாட ஆசிரியரும் ஒரே தவணையில் ஆளுக்கொன்று கொடுத்தால் மீண்டும் கடைக்காரத் தம்பிதான் பிழைப்பார். ஆகவே பகுதித்தலைவரோடு பேசி வகுப்புக்கு ஒன்றாக ஒழுங்குபடுத்துங்கள். புவியியல் ஆசிரியர் வரைபடத்தை எடுப்பார், தமிழ் ஆசிரியர் அட்டையின் மொழியைப் பார்ப்பார், மூவரும் அதே வேலைக்குப் புள்ளி எடுக்கலாம்.

பக்கத்து வகுப்பு இரைச்சலைப் பற்றிக் குறை சொல்வார். பேச்சு வேலைகளை மரத்தடிக்கு மாற்றுங்கள். இன்னொருவர் ‘புதுசா வந்த ஆள், கொஞ்ச நாள்ல சரியாகிடும்’ என்று ஓய்வறையில் சொல்வார். அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகள் வீட்டிலிருந்து அச்சடித்த படங்களோடு வருவதும் நடக்கும். திட்டாமல் வாங்கி வைத்துவிட்டு, ‘இந்தப் படத்தில் நம் கிணறு எங்கே?’ என்று கேளுங்கள். அடுத்த வாரம் கொண்டு வர மாட்டார்கள்.

பருவ மழை ஓய்ந்த பிறகு, தை மாதம் போல, அதே எட்டுக் கிணற்றை இன்னொரு முறை அளக்க முடிந்தால் அளந்து பாருங்கள். நீர்மட்டம் ஏறி உப்பு இறங்கியிருக்கும், கோடை எண்ணுக்குப் பக்கத்தில் மாரி எண்ணை எழுதலாம். பதிவுகளை எட்டுக் கொப்பியில் சிதற விடாமல் ஒரு தடித்த சீஆர் கொப்பியில் சேருங்கள். முதற் பக்கத்தில் கிணற்று இலக்கம், பாடசாலைப் படலையிலிருந்து போகும் வழி, எந்த மானியால் அளந்தது என்பதை எழுதி, கொப்பியை விஞ்ஞான அறை அலுமாரியில் வையுங்கள். இடமாற்றம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், உங்களுக்குப் பின் வருகிறவர் ஒன்பதாம் கிணற்றிலிருந்து தொடங்கட்டும்.